பெரிதுபடுத்து: வினைச்சொல்

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் வெற்றுச் சீட்டையே பார்த்தாள்.

அகராதி நாளை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு வினைச்சொல் விடுபட்டிருப்பதைப் பதிப்பாசிரியர் இன்று காலையில்தான் கண்டுபிடித்தார். அடடா, மனிதர் பதறிய பதற்றத்தைப் பார்க்க வேண்டுமே!

“ஒரு சொல்லு விட்டுப்போனாலும் நமக்குத்தாம்மா அசிங்கம். உடனே எழுதிக் குடுங்க.”

பெரிதுபடுத்து.

நேற்று பதிப்பாசிரியரின் மேசைக்கு முன்னால்தான் அவள் நின்றாள். பதினோரு வருடம், நாற்பதாயிரம் சீட்டு. இரண்டு முறை கண்ணாடி மாற்றியாயிற்று. உழைத்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அட்டைக்கு நீல நிறம் போதும் என்று சொல்லிவிட்டுப் போன அவருடைய மருமகன் பெயர் இருந்தது. நோகாமல் நுங்கு தின்ற புண்ணியவான்.

அவள் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு வரி சொன்னார். பிறகு டீ வரவழைத்தார்.

அந்த டீயை அவள் அப்படியே வைத்துவிட்டு வந்தாள்.

இப்போது எழுதினாள்.

பிறப்பு: பெரிது + படுத்து.

அது இலக்கணத்துக்கு. இந்தச் சொல் அடிபட்டவர் வாயில் எங்கே பிறந்தது? அடித்தவர் வாயில்தான் பிறக்கும். அதை எழுதச் சீட்டில் இடமில்லை.

பொருள்: சிறிய விஷயத்தை உள்ளதைவிட முக்கியமானதாக ஆக்குதல்.

எடுத்துக்காட்டு.

இதற்கு அவள் யோசிக்கவே இல்லை. நேற்று அவர் சொன்ன வரியை எழுத்து வழக்குக்கு மாற்றினாள். வேறு எதையும் மாற்றவில்லை.

‘ஒரு பெயர் விட்டுப்போனதைப் போய் இப்படிப் பெரிதுபடுத்தாதீர்கள், தில்லைநாயகி.’

படிக்கும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். போகட்டும், வெட்கப்படாவிட்டாலும் புத்தகத்தின் ஏதோ ஒரு மூலையில் தன் பெயர் இருந்துவிட்டுப் போகுமே.

சீட்டை நீட்டினாள்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

“பிரமாதம்மா! அப்பிடியே ஆளு பேசுற மாதிரி இருக்கு.”

அவருக்கு நினைவே இல்லை.

சிவப்புப் பேனாவை எடுத்தார். காற்புள்ளியில் தொடங்கிக் கடைசி எழுத்துவரை ஒரே கோடாக இழுத்தார்.

“பேரு எதுக்கு? அது இல்லாமலே முழுசா இருக்கே.”