மூன்றாவது ஐயையோ

சிரிப்பு மட்டும் தனியாக ஓடியது.

பாட்டு இல்லை. ஷெனாய் இல்லை. கோரஸ் இல்லை. ஒரு மனிதனின் சிரிப்பு, நான்கு விநாடி. துருப்பிடித்த கேட்டை யாரோ அவசரமாகத் திறந்தது போல.

"இதுதான் சார் தொந்தரவு," என்றாள் ஜெசிந்தா. ஒலிப்பதிவுக் கூடத்தின் எஞ்சினியர். திரையில் அந்தச் சிரிப்பைச் சிவப்பாகக் குறித்து வைத்திருந்தாள். "தனியாப் பிரிச்சுட்டேன். டெலீட் பண்ணிட்டா பாட்டு க்ளீன்."

கேசட்டைக் கொண்டுவந்திருந்த ரசிகர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

நாற்பது வருடத்தில் தன் சிரிப்பை இப்படித் தனியாக அவர் கேட்டதில்லை. இவ்வளவு மட்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பின்னால் சோபாவில் சிவதாணு சார் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். எண்பது வயது. இந்த மாதத்தில் மட்டும் அந்த இசையமைப்பாளருக்குப் பதினொரு பாராட்டு விழா. பதினொன்றிலும் அதே மூன்று காதல் பாட்டுகளைப் பாடி, அதே மாதிரிச் சால்வையைப் போர்த்தினார்கள். அந்தக் களைப்பு மூடிய இமையிலும் தெரிந்தது.

சிவதாணு சார் போட்டதில் வெளிவராத ஒரே நகைச்சுவைப் பாட்டைப் பிறந்தநாளுக்கு வெளியிடப் போகிறார்கள். அதன் கேசட் இந்த ஒரு ரசிகரிடம்தான் இருந்தது.

ரசிகர் வட்டாரத்தில் இவருக்குச் செருப்புப் பாட்டுக்காரர் என்று பெயர். மற்றவர்கள் ராகம் பற்றிப் பேசுவார்கள். இவர் செருப்பு பற்றிப் பேசுவார்.

கல்யாண மண்டபத்தில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்தவனின் ஒப்பாரி அந்தப் பாட்டு. சிவதாணு சாரே பாடியது. இது சிரிப்புப் பாட்டு என்பதை அந்தக் குரல் கடைசிவரை ஒப்புக்கொள்ளாது. ஷெனாய்க்காரருக்குத் தமிழ் தெரியாது. யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தே உருகி உருகி வாசித்தார்.

புதுச எடுத்தா நியாயமடா,
தச்சத எடுத்துப் போனானே.

இந்த இடத்தில் கோரஸ் ஐயையோ என்று கதற வேண்டும்.

பாட்டு முழுக்க நாலு ஐயையோ. கோரஸில் ஆள் குறைகிறது என்று, அதில் பாடிய பக்கத்து வீட்டுக்காரர் இந்த ரசிகரைக் கூட்டிப் போனார். அப்போது வயது இருபத்திரண்டு. சங்கீதம் தெரியாது. ஐயையோ தெரியும்.

அந்தக் காலத்தில் முப்பது பேரும் ஒரே அறையில், ஒரே மூச்சில் பதிவு. ஒருவர் தும்மினாலும் எல்லோரும் முதலிலிருந்து.

மூன்றாவது ஐயையோவில் அவர் சிரித்துவிட்டார்.

சிவதாணு சார் நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் பாடினார். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, கதவை நோக்கி ஒரு விரல்.

அவ்வளவுதான் சிரித்தவரின் சங்கீத வாழ்க்கை.

பாட்டு வரவே இல்லை. படமும் இரண்டு நாளில் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. பாட்டைக் கெடுத்தது தான்தான் என்று அவருக்குத் தெரியும். அதன்பிறகு சிவதாணு சாரின் பாட்டுகளை எந்த ரசிகரும் ரசிக்காத அளவுக்கு ரசித்தார். அபராதம் கட்டுகிற மாதிரி.

பல வருடம் கழித்து, பழைய ஒலிப்பதிவாளர் ஒருவரிடமிருந்து நகலுக்கு நகலாக அந்தக் கேசட் கிடைத்தது. யாருக்குப் போட்டுக் காட்டினாலும் சரியாக அந்த இடத்தில் பலமாக இருமுவார். இருபத்தைந்து வருடம் இருமியிருக்கிறார். மனைவி ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள்.

இன்று இருமக்கூட வழியில்லை.

"எடுத்துடவா சார்?"

ஒரு க்ளிக். சிவதாணு சாரின் பாட்டு சுத்தமாக வெளியே வரும். அதில் தான் இருந்ததற்கு ஒரு தடயமும் இருக்காது. மீதி மூன்று ஐயையோவில் தன் குரல் எது என்று அவருக்கே தெரியாது.

"எடுத்துடும்மா," என்றார்.

"வேணாம்."

சோபாவிலிருந்து. கண் இன்னும் மூடியே இருந்தது.

"இல்ல சார், இது கோரஸ்ல யாரோ தெரியாம சிரிச்சது," என்றாள் ஜெசிந்தா.

"தெரியும். நான்தான வெளிய அனுப்புனேன்." சிவதாணு சார் மூச்சு வாங்கிக்கொண்டார். "அடுத்த டேக் சுத்தமா வந்துச்சு. அதத்தான் போட்டுக் காட்டுனேன். டைரக்டர் சிரிக்கல. புரொட்யூசர் சிரிக்கல. எம் பொண்டாட்டி, யாரு செத்தான்னு கேட்டா. பாட்டத் தூக்கிட்டாங்க."

அடுத்த டேக்.

அப்படி ஒன்று இருந்ததே ரசிகருக்குத் தெரியாது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதப் போட்டுக் காட்டிருக்கணும். எனக்குப் புத்தி வரல." சிவதாணு சார் கண்ணைத் திறந்தார். "அந்தப் பாட்டுக்குச் சிரிச்ச ஒரே ஆளு. இருக்கானோ, போய்ட்டானோ."

ரசிகர் நாற்காலியைச் சோபா பக்கம் திருப்பினார்.

"இருக்கார் சார்," என்றார் அவர். "கொஞ்சம் சுகர். மத்தபடி..."



சிவதாணு சார் சோபாவில் கையை ஊன்றி, மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாடுனது, வாசிச்சதுன்னு பேர் போடுவீங்கல்ல. அதுக்குக் கீழ, சிரிப்புன்னு தனியா ஒரு வரி போடும்மா."

ஜெசிந்தா பேனாவை எடுத்தாள்.

"பேரு என்ன சார்?" என்று சிவதாணு சாரைக் கேட்டாள்.

சிவதாணு சார் அவள் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியில் இருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.