நாலு நாற்பதில் நின்ற லிஃப்ட்

வெள்ளவத்தைத் தொடர்மாடியின் லிஃப்ட் நாலு நாற்பதுக்குப் பழுதாகி நடுவழியில் நின்றது. உள்ளே டியூஷன் டீச்சர் நேசமலரும் நாலாம் வகுப்புக் கீர்த்திகாவும் மட்டும். பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று, அவள் கையை இறுகப் பிடித்தபடி டீச்சர் கைக்கடிகாரத்தைக் காட்டினாள்.

“இப்ப அஞ்சேகால். எவ்வளவு நேரமா நிக்கிறம்?”

“எழுபத்தஞ்சு நிமிசம், டீச்சர்.”

“ஐயோ! மணித்தியாலத்துக்கு நூறு நிமிசமே? நாலு நாற்பதிலயிருந்து அஞ்சு மணி மட்டும் இருபது. பிறகு பதினஞ்சு. கூட்டு!”

“ஐம்பத்தஞ்சு?”

“பிழை! முள்ளைப் பார்...”

ஒருவழியாகக் கதவு திறந்தது. தாய் ஓடிவந்தாள். “பயந்திட்டியா, பிள்ளை?”

“இல்லையம்மா. டீச்சருக்குத்தான் கை நடுங்கினது. நான் பிழை விட்டா, அவ பயத்தை மறந்திட்டு விளங்கப்படுத்துவா. அதான் முப்பத்தஞ்சு எண்டு கடைசிமட்டும் சொல்லேல்லை.”