மூன்று முறை குனிந்த கொக்கு

குளத்தை ஆண்ட கிழட்டு ஆமைக்கு மரியாதைதான் உயிர். தன் முன் யார் வந்தாலும் தண்ணீரில் தலை பட மூன்று முறை குனிய வேண்டும் என்று சட்டமே போட்டிருந்தது.

ஒரு நாள் கடல் பக்கத்திலிருந்து கொக்கு ஒன்று வந்தது. "வடகரையில் என் கூட்டம் நிற்க இடம் வேண்டும். எங்களில் யாராவது தப்பு செய்தால் நாங்களே விசாரித்துக்கொள்வோம்" என்றது.

"அதெல்லாம் இருக்கட்டும். குனிவாயா?"

"நாள் முழுக்கக் குனிகிறேன், மகாராஜா."

தாமரை இலையில் ஒப்பந்தம் எழுதினார்கள். 'மன்னரின் கருணையால் வழங்கப்பட்டது' என்பது முதல் வரியாக வர வேண்டும் என்று ஆமை பிடிவாதம் பிடித்தது. கொக்கு உடனே சம்மதித்தது.

பிறகு நாரை கேட்டது, நீர்க்காகம் கேட்டது. அவற்றுக்கும் அதே இலை கிடைத்தது. கரையெங்கும் பறவைகள் குனிந்தபடியே இருந்தன.

"மகாராஜா, ஒவ்வொரு குனிவுக்கும் ஒரு மீன் குறைகிறது" என்றது மந்திரி நண்டு.

"என்ன பணிவு பார்த்தாயா!" என்றது ஆமை.

கோடை வருவதற்குள் பறவைகள் குனிவதை நிறுத்திவிட்டன. ஆமை கோபமாக மந்திரியைக் கூப்பிட்டது. நண்டையும் காணோம். கொக்கிடமே கேட்டது: "ஏன் குனியவில்லை?"

கொக்கு தண்ணீரை ஒருமுறை பார்த்தது.

"இனி எதற்கு?"