சர்வர் சொந்தமா, வாடகையா?

பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டதே அதைத்தான்.

"பொண்ணோட வலைத்தளம் சொந்த சர்வர்லயா, வாடகையிலயா?"

அப்பா தலைகுனிந்தார். "வாடகைதாங்க. எங்கேயோ வெளியூர்ல."

"அதுக்கென்ன சம்பந்தி, நம்ம வீட்டுலயே ஏத்திடலாம்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "பூஜை ரூம் பக்கத்துல ஏசி போட்டு வெச்சிருக்கோம்."

பதினோரு வருடமாக எழுதிச் சேர்த்த பக்கங்கள், காபித் தட்டோடு நின்ற மணப்பெண் நறுமுகையின் நினைவுக்கு வந்தன. "அந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கும், அத்தை?"

"என் இடுப்புலதான்! மூத்த மருமக என்னைப் பத்தி ஏதோ எழுதினா. போய் ஸ்விட்சை அமத்திட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நறுமுகை காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"வாடகையே இருக்கட்டும், ஆன்ட்டி. அங்க எனக்கும் சாவி கிடையாது. உங்களுக்கும் கிடையாது."