மாசிலாமணியின் தலையசைப்பு

மலையடிவாரச் சோதனைச்சாவடியை அரசாங்கம் எடுத்துவிட்டது. காவலர் மாசிலாமணி குறுக்கு மூங்கிலைத் தூக்கிக் கட்டினார், சீருடையை ஒப்படைத்தார். விடிந்தால் மகளுக்குக் கல்யாணம். ஊருக்குப் போகக் கடைசி பஸ்ஸுக்காக நின்றார். வண்டிகளோ எப்போதும்போல வந்து நின்றன. அவர் தலையசைத்தால் கிளம்ப வேண்டும், அதன் பிறகு ஒரு நொடி நின்றாலும் கத்துவார். பல வருஷப் பழக்கம்.

"சாவடியே இல்லய்யா, போங்க!" என்றார் மாசிலாமணி.

"அது மேலிடத்துச் சமாச்சாரம். நீங்க தலைய ஆட்டுங்க சார், போயிடறோம்" என்றான் லாரிக்காரன்.

பஸ் வந்தது. கூறைப்புடவைப் பையோடு ஏறி உட்கார்ந்தார். பஸ் நகரவில்லை. டிரைவர் வெளியே, மாசிலாமணி வழக்கமாக நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி ஜன்னல் வழியே தலையை நீட்டி ஆட்டினார்.

"உள்ள உக்காந்து ஆட்டினா நீங்களும் பாசஞ்சர்தாண்ணே" என்று கண்டக்டர் சிரித்தான். "இறங்கி, நிக்கிற எடத்துல நின்னு ஆட்டுங்க."

"நேரமாகுதுல்ல, ஆட்டித் தொலைங்களேன்" என்றாள் பின்சீட்டுக்காரி.

பையை சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினார். மூங்கிலடியில் போய் நின்று தலையசைத்தார். பஸ் சட்டென்று கிளம்பியது. "நிறுத்து, நிறுத்து!" என்று கத்திக்கொண்டே ஓடினார். அவர் பழக்கியபடியே அது நிற்காமல் போனது. பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இன்ஜினை அணைத்துவிட்டு, பணிவாக அவர் முகத்தைப் பார்த்தான்.