இடது கால் அளவு

ஸ்டோர்காரரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, என் மனைவியை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்து வாசலில்.

"நீங்க உள்ள வர வேணாம்," என்றேன்.

"சரிங்க," என்றார். எல்லாம் முடியும்வரை வெளியிலேயே நின்றார்.

காரணம் இருந்தது. நாங்கள் மூவரும் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். எனக்கு இஸ்திரி. மனைவிக்குக் கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற வேலை. அவருக்கு சோப்பு, துணி வைக்கிற ஸ்டோர். உள்ளே தரை எப்போதும் ஈரம். வாசல் தட்டில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்வோம்.

ஒரு டிசம்பர் காலையில், என் மனைவியின் ஷூவுக்குள் கையை விட்டபடி அவர் அகப்பட்டார்.

"அண்ணே, அதுல என்ன தேடுறீங்க?" அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் கூடிவிட்டோம்.

அவர் கையை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குள் போய்விட்டார்.

"ஓட்டை ஷூவைக்கூட விடமாட்டான் போல," என்றேன். கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் 'ஷூக்கள்ளன்'. அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டோம்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், அதே தட்டில் என் மனைவிக்குப் புது ஷூ இருந்தது. யார் வைத்தது, தெரியாது. அவளுக்கு இடது கால் கொஞ்சம் பெரிது. கடையில் வாங்கும் எந்த ஷூவும் கடிக்கும். இது இரண்டு காலிலும் சரியாக உட்கார்ந்தது.

"மேட்ரன் அம்மாவைத் தவிர யாருக்கு இந்த மனசு வரும்?" என்று போய் நன்றி சொன்னேன்.

"கடவுளுக்குச் சொல்லுங்க," என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டார்.

பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் யாராவது ஒருவருக்கு ஷூ வந்தது. நன்றி மேட்ரனுக்குப் போனது.

என் மனைவி மட்டும் ஸ்டோர்காரரைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. நான் பேசினாலும், "விடுங்களேன்," என்பாள்.

"உன் ஷூவுலதான கைய விட்டான்? எனக்கு இருக்கிற ரோஷம் உனக்கு இல்லையே."

"இல்லைதான்," என்பாள்.

அவள் போன இரண்டாம் மாதம் அவரும் போனார். அடக்கத்துக்கு எல்லோரும் போகிறார்களே என்று நானும் போனேன். குழியருகே பாதிரியார் பேசினார்.

"நிக்கோலஸ்னு ஒரு பிஷப். ஓர் ஏழைக்கு மூணு பொண்ணுங்க, கட்டிக்கொடுக்க வழியில்லை. அவங்க வீட்டு ஜன்னல் வழியா பொன்முடிப்பைப் போட்டுட்டு ஓடிடுவாராம். மூணாவது தடவை அப்பன்காரன் துரத்திப் பிடிச்சுட்டான். 'நான் உயிரோட இருக்கிறவரை யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு கெஞ்சினாராம். கிறிஸ்துமஸ் பரிசு அவர்கிட்டேருந்துதான் வந்ததுன்னு சொல்வாங்க."

பையிலிருந்து ஒரு கட்டு நூலை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பாதத்தின் நீளத்துக்கு முடிச்சு.

"ஷூவுக்குள்ள கையை விட்டு இவர் அளவெடுத்த நூல் இது. போனப்புறம் சொல்லச் சொன்னார்."

மேட்ரன் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மண்டியிட வேண்டும்போல் இருந்தது; நின்றுகொண்டே இருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் பாதிரியாரிடம் போனேன்.

"ஃபாதர், என் பெண்டாட்டி இது தெரியாமலே போயிட்டாளே."

"தையல்காரிக்கு அளவு தெரியாதா? போட்டுப் பார்த்த அன்னைக்கே புரிஞ்சுகிட்டாங்க. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்னு அவர்கிட்ட அழுதாங்களாம். அவர்தான் வாக்கு வாங்கிட்டார். 'உங்க வீட்டுக்காரருக்குக்கூட வேணாம்மா'ன்னு."

பத்தொன்பது வருஷம் என் பக்கத்திலேயே இருந்து அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாள்.

அவளுக்கு அடுத்த இடத்தை எனக்கென்று முன்பே எழுதி வைத்திருந்தேன். அதற்கடுத்த குழி அவருக்கு. நடுவில் என் இடம் காலியாக இருக்கிறது.