நான்காவது பூச்சு

தவமலர் கணவனின் தோல் கையுறைகளைத் தன் கைகளில் மாட்டிக்கொண்டு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். கைச்சூட்டில்தான் மெழுகு இளகித் தோலுக்குள் இறங்கும். காலையில் முதல் பூச்சு முடிந்ததும், "இது காயட்டும், இண்டைக்குப் பழசைப் போட்டுக்கொண்டு போங்கோ" என்று அவள்தான் சொன்னாள். பழையதில் தண்ணீர் இறங்கும், விரல் விறைத்துவிடும். பனிச்சறுக்கு மலையில் வழிக்கொடி நடும் வேலைக்கு சிவநேசன் அதோடுதான் போனான். மதியம் அங்கே பனி சரிந்தது. அவன் இன்னும் இறங்கி வரவில்லை. இரண்டுக்கு மேல் பூசினால் தோல் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். இது நான்காவது.

மேசையில் போன் அடித்தது.

"எடுங்கோ அண்ணி," என்றாள் சிவநேசனின் தங்கை கௌசிகா.

"இந்தத் தையலுக்குள்ள இன்னும் மெழுகு இறங்கேல்லை."

"மலையிலயிருந்துதான் போன் எடுக்கினம். கையுறையைக் கழட்டுங்கோ."

"கழட்டினா ஆறிப்போயிடும்."

போன் நின்று, மறுபடி அடித்தது. கௌசிகா கையை நீட்டினாள். அதற்குள் தவமலர் இரண்டு கையுறைகளாலும் போனைப் பொத்திக்கொண்டாள். ஒரு சொட்டுத் தண்ணீரும் நுழையாதபடி மெழுகு பூசிய தோலைத் தாண்டி, அது அதிர்வது அவள் உள்ளங்கையில் தெரிந்தது.